ஊக்கால் கழற்றிய வயர்

என் ராஜாவுக்கு,

நீ இதைப் படிக்கும்போது வாசலில் உன் வண்டி இருக்காது. பதறாதே, யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. நான்தான் எடுத்துப்போகச் சொன்னேன். எங்கே, எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் பாதிக் கடிதத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். கேள்வித்தாளை முழுசாகப் படிக்காமல், ‘ஏதேனும் ஐந்துக்கு விடையளி’ என்றிருந்த இடத்தில் எட்டுக்கும் விடை எழுதிவிட்டு, நேரம் போதவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுத பிள்ளை நீ. அதனால் சொல்கிறேன், உட்கார்ந்து படி. சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது, ரசம் அடுப்பு மேல். சாப்பிட்டுவிட்டுப் படித்தாலும் சரி. படித்த பிறகு சாப்பாடு இறங்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை நீ புனேவுக்குப் போகிறாய். புது பிளான்ட், புது ஊர், அவ்வளவு தூரமும் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு. மூன்று நாளாக இதை வாயால் சொல்லப் பார்த்தேன். நீ பெட்டி அடுக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பேன். “இன்னாம்மா?” என்பாய். “ஒண்ணும் இல்லடா, ஊறுகா பாட்டில கவர்ல சுத்தி வை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். பதினெட்டு வருஷம் இரைச்சலில் நின்று வேலை செய்தவளுக்குத் தொண்டைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இது வரவில்லை. கை சொன்னபடி கேட்கும் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். காருக்குள் ஓடுகிற வயர்க் கட்டு முழுவதையும் ஹார்னஸ் என்பார்கள். நீளமான பலகையில் ஒவ்வொரு வயராகப் படுக்க வைத்து, அதன் முனையில் இருக்கும் டெர்மினலைக் கனெக்டர் என்கிற பிளாஸ்டிக் கூட்டின் ஓட்டைக்குள் சொருக வேண்டும். சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்தது மூன்றே வார்த்தை: தள்ளு, சத்தம் கேள், இழுத்துப் பார். உள்ளே தள்ளினால் ‘க்ளிக்’ என்று பூட்டு விழும். சத்தம் கேட்டதோடு விடக் கூடாது, அது பக்கத்துப் பலகையில் கேட்ட சத்தமாகக்கூட இருக்கும். அதனால் வயரைப் பிடித்து மெதுவாக ஒரு இழு. வராமல் நின்றால்தான் உட்கார்ந்தது என்று அர்த்தம். பாதி உட்கார்ந்த டெர்மினல் அறுந்த வயரைவிடப் பொல்லாதது. அறுந்தது அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும். பாதி உட்கார்ந்ததில் விளக்கு கம்பெனியில் எரியும், ஷோரூமிலும் எரியும், ஏதாவது ஒரு பள்ளத்தில் போய்க் கைவிடும். கடைசி ஆறு வருஷம் என்னை ரீவொர்க் டேபிளில் போட்டார்கள். தப்பாகச் சொருகியதைக் கழற்றி மறுபடி சொருகும் வேலை. பூட்டை நெம்புவதற்கு ஊசி மாதிரி ஒரு கருவி தருவார்கள். அதில் என் கை பெயர் வாங்கிய கை. அந்தப் பெருமைதான் இத்தனைக்கும் ஆரம்பம்.

நீ வண்டி வாங்கிய புதிதில் என்னைக் காஞ்சிபுரம் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? செகண்ட் ஹாண்ட் என்றாலும் புதுசு மாதிரி துடைத்து வைத்திருந்தாய். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் ஸ்டீயரிங்கில் ஏதோ பட்டனை அழுத்திவிட்டு, “அம்மா, கீழ பாரேன்” என்றாய். பார்த்தேன். உன் இரண்டு காலும் பெடலில் இல்லை. சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்திருந்தாய். வண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தது. “க்ரூஸ் கண்ட்ரோலும்மா. நாம வச்ச ஸ்பீடுல அதுவே போய்க்கினே இருக்கும். ப்ரேக்க லேசா தொட்டா வுட்டுடும். ஓசூரு பிளான்ட்டுக்கு ஆடிட் பண்ண போவசொல்ல காலே வலிக்காது பாரு” என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாய். நானும் சிரித்தேன். கோவிலில் இறங்கியபோது என் கை ஜில்லென்று இருந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் உன் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிரே ராங் சைடில் ஒரு லாரி வந்து மோதிவிட்டது என்று உனக்கு ஒன்பது வயதில் சொன்னேன். இருபது வருஷமாக நீயும் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ராஜா, அப்படி ஒரு லாரி வரவே இல்லை.

அப்பா கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் ஷிப்ட் பஸ் ஓட்டினார். மாற்று டிரைவருக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் தூங்காமல் தொடர்ந்து டூட்டி பார்த்தார். அன்று விடிகாலை ஒரு ஷிப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்டை ஏற்றக் காலி பஸ்ஸோடு போனபோது, ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். ஸ்டேஷனில் ஒரு ஏட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார்: “ரோட்ல ப்ரேக் புடிச்ச கோடே இல்லம்மா. காலு ஆக்சிலேட்டர் மேலயே இருந்துகீது. கண்ணசந்துட்டாரு.” தூங்கினார் என்று சொன்னால் குடித்தாரா என்று அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? உன் அப்பா மேல் ஒரு சொல் விழக் கூடாது என்று ஒரு லாரியை வரவழைத்தேன். இரண்டு நாள் கண் விழித்தவன் அசந்து போவது குற்றம் இல்லை. மறைத்து மறைத்து அதைக் குற்றமாக்கியவள் நான்தான். மூன்றாவது டூட்டிக்குக் கிளம்பியபோது டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பியவளும் நான்தான். ‘இன்னைக்கு வாணாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீயும் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக ஓசூருக்குக் கிளம்புகிறவன். உன் அப்பாவின் கண் உனக்கு, சாய்ந்தால் தூக்கம். காலை மடக்கி வைத்துக்கொண்டு, வண்டி தானாகப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். தூங்கினால் கால் நழுவி வேகமாவது குறையலாம், இதில் அதுவும் இல்லையே என்று நினைத்தேன். நினைத்ததை உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த லாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதனால் என் கைக்குத் தெரிந்த வழியில் போனேன்.

ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவிவிட்டு நீ பூ வாங்கப் போனாய். நான் சந்தனக் கிண்ணத்தோடு டிரைவர் சீட்டுக்குக் கீழே குனிந்து ப்ரேக் பெடலுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்து, “பெடலுக்குமா பொட்டு? நாளைக்கு மிதிச்சா சாமி கோச்சுக்காதா?” என்று கேலி செய்தாய். அதற்குள் காரியம் முடிந்திருந்தது. பெடலுக்கு மேலே சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. நீ ப்ரேக் மிதித்தாயா என்று வண்டிக்குச் சொல்வது அதுதான். நான்கு வயர். இரண்டு, பின்னால் சிவப்பு விளக்கு எரிய. மற்ற இரண்டு, ப்ரேக் மிதித்தால் க்ரூஸை விடுவிக்க. அந்த இரண்டில் ஒன்று விலகினால், யாரோ ப்ரேக்கில் கால் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று வண்டி நினைத்துக்கொள்ளும். க்ரூஸ் பிடிக்காது. அந்த மாடலின் கனெக்டரை நானே வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன். எந்த நிறம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பூட்டை நெம்பி, அந்த வயரை நெல் அளவு பின்னால் இழுத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும். வேறு எதுவும் கெடாது என்று நினைத்தேன். சந்தனம் வைத்த கையாலேயே செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதன் பிறகு நீ பட்ட பாடு. முதலில் ஃப்யூஸ் பார்த்தாய். பிறகு ஃபோனில் வீடியோவாகப் பார்த்தாய். பிறகு வல்லம் பக்கம் இருக்கிற அந்தோணியின் ஷெட்டுக்குக் கொண்டு போனாய். அவர் ஸ்கேனரை மாட்டிவிட்டு, “ப்ரேக் சுவிட்சுல ரெண்டு சிக்னலும் ஒத்துப்போவல தம்பி” என்று சுவிட்சை மாற்றினார். மாற்றியபோது கனெக்டரை அழுத்தி மாட்டினார் அல்லவா, வயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் க்ரூஸ் வேலை செய்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. ஸ்டீயரிங்கைப் பிரித்தார், பட்டனை மாற்றினார், மறுபடி வந்தது, மறுபடி போனது. நீ ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாய்: எந்த நாள், எந்த ரோடு, மழையா வெயிலா. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால்தான் போகிறது என்று கண்டுபிடித்தாய். எவ்வளவு கெட்டிக்காரன் என்று உள்ளுக்குள் பூரித்தேன், பயந்துகொண்டே பூரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு சமையலறைக்கு வந்தாய்.

“அம்மா, நீ ஹார்னஸ்ல இருந்தவதானே? எங்கனா ஒரு பின்னு லூசா இருந்தா இப்டி வந்து வந்து போவுமா?”

அப்படியே விடையைக் கையில் ஏந்தி வந்து நின்றாய். நான் வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், “எனக்கு இன்னாடா தெரியும். நான் பலகையில வயர் படுக்க வச்சவ. வண்டியில அது இன்னா பண்ணுதுன்னு எனக்கு எவன் சொன்னான்?” என்றேன். நீ நம்பினாய். நான் வாயைத் திறந்து சொன்ன பொய்களில் இதுதான் மோசமானது. உன் அறிவையும் கெடுத்தேன், என் பதினெட்டு வருஷத்தையும் கேவலப்படுத்தினேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை உனக்கே தெரியும். சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கிளம்பினோம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. நீ ப்ரேக் அடித்தாய், வண்டி நின்றது, பின்னால் வந்த லோடு வேன் நிற்கவில்லை. வேன் டிரைவர் இறங்கி வந்து, நம்மைத் திட்டக்கூட இல்லை, தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “நீ ப்ரேக் புடிச்சதே எனக்குத் தெரிலப்பா. பின்னாடி லைட்டே எரியல.” நீ கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. ஊக்கு கருவி இல்லை. ஒரு பூட்டை நெம்பும்போது பக்கத்துப் பூட்டையும் வளைத்திருக்கிறேன். விளக்கு வயரும் குலுங்கிக் குலுங்கிப் பின்னால் வந்துவிட்டது. தூங்கிவிடுவாயோ என்று பயந்து, நன்றாக விழித்து ஓட்டிய பிள்ளையின் முதுகில் வேனைக் கொண்டுவந்து மோதவிட்டேன்.

அதற்கு அடுத்த நாளைப் பற்றித்தான் எழுதக் கை கூசுகிறது. கழுத்தில் பட்டையோடு ஆட்டோவில் அந்தோணியின் ஷெட்டுக்குப் போனாய். நானும் கூட வந்தேன். நாலு மணி டீக்குக் கூடுகிற கூட்டம் மொத்தமும் நின்றது. “கடைசியா கை வச்சது நீங்கதானே? ப்ரேக் லைட்டுகூட ஒழுங்கா மாட்டத் தெரியாம ஷெட்டு எதுக்கு?” என்று கத்தினாய். உன்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “நான்தான் தம்பி மாட்டுனேன். எங்கியோ வுட்டுட்டன் போலகீது” என்றார். எய்தவள் நான், உன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அம்பு அடி வாங்கியது. ஒரு வார்த்தை சொல்லவில்லை நான்.

பம்பர் வேலைக்கு விட்ட இடத்தில் கனெக்டரை அழுத்தி மாட்டி, விளக்கு எரிகிறது, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். க்ரூஸ் உனக்கு வெறுத்துப் போய் அதைத் தொடுவதையே விட்டுவிட்டாய். அன்றிலிருந்து நீ வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் வாசலில் வந்து நிற்கிறேன், கவனித்தாயா? தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் நீ ப்ரேக் பிடிக்கும்போது பின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். எரிந்தால்தான் உள்ளே போவேன். “இப்ப இன்னா திடீர்னு இவ்ளோ பாசம்?” என்று ஃபோனில் சிரித்தாய். அன்றைக்குச் சமையல் செய்யாமல் உட்கார்ந்து அழுதேன்.

சென்ற வாரம், நீ கம்பெனி பஸ்ஸில் போன நாளில், நானே சரி செய்துவிடலாம் என்று டார்ச்சோடு கீழே படுத்தேன். கண்ணாடி போட்டும் ஓட்டைகள் ஒன்றாகத் தெரிகின்றன. விரல் நடுங்குகிறது. பெயர் வாங்கிய கை அவ்வளவுதான். தவிர, பூட்டு உடைந்த கூட்டில் எத்தனை தடவை தள்ளினாலும் நிற்காது. கூட்டையே மாற்ற வேண்டும். அப்படியே எழுந்து அந்தோணியிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணி கறுத்த பிறகும் துடைத்தார். கடைசியில், “ஏம்மா, அன்னியிலேர்ந்து நான் என் கையவே சந்தேகப்பட்டுக்கினு கீறேம்மா. ஒரு பல்பு மாட்டுனாகூட மூணு வாட்டி போய்ப் பாக்குறேன். வயசாயிடுச்சு, ஷெட்ட மூடிடலாம்னு வூட்ல சொல்லிட்டேன்” என்றார். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உன்னிடம் அவரே சொல்லிவிடுவாரா என்று கேட்டேன். என் கோழைத்தனத்தைப் பார். “நான் சொல்ல மாட்டேன். எங்கிட்ட சொன்ன வாயிதானே, புள்ள கிட்டயும் சொல்லுங்க. வண்டிய இட்டாந்து நிறுத்துங்க, நான் பாத்துக்குறேன்” என்றார்.

அறிவுரை சொல்லத்தான் அம்மாக்கள் கடிதம் எழுதுவார்கள். எனக்கு அந்த யோக்கியதை மிச்சம் இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இருபது வருஷத்துக்கு முன் உன் அப்பாவிடமும், ஆயுத பூஜைக்கு முன் உன்னிடமும் சொல்லியிருக்க வேண்டியது: தூக்கம் வந்தால் வண்டியை நிறுத்து. யார் காத்திருந்தாலும் சரி, ஓரமாக நிறுத்தித் தூங்கு. க்ரூஸ் போட்டுக்கொள், நல்ல வசதிதான், கால் ஓய்வெடுக்கட்டும். கண் மட்டும் ஓய்வெடுக்கக் கூடாது. இந்த ஒரு பேச்சுக்குப் பதிலாகத்தான் ஒரு வயரைக் கழற்றினேன். இன்னொன்று. நாளைக்கு உனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். ஏதாவது கெட்டுப்போனால், கடைசியாகத் தொட்டவன் யார் என்று மட்டும் தேடாதே. முதலில் தொட்டவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். உனக்குப் பிடித்தவராகவும் இருக்கலாம்.

இப்போது வண்டி எங்கே என்று சொல்கிறேன். இன்றைக்கு நீ கம்பெனி பஸ்ஸில் போனதும் அந்தோணி வந்து எடுத்துப்போய்விட்டார். அவர் ஷெட்டில் நிற்கிறது. சாவியும் அவரிடம். நீ அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். நான் மூன்றரைக்கே போய் நின்றுகொள்கிறேன். நாலு மணிக்கு அதே கூட்டம் டீக்கு வரும். அவர்கள் முன்னால் நான் முதலில் பேசுகிறேன். அன்றைக்குப் பேசாத பேச்சு. அதன் பிறகு நீ அவரிடம் என்ன சொல்வது என்பது உன் மனசு. என்னிடம் என்ன சொல்வது என்பதும் உன் மனசுதான். பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனாலும் நான் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்துவிடுவேன், கவலைப்படாதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தோணி புதுக் கனெக்டர் கூட்டை வாங்கி வைத்திருக்கிறார். வயர்களை அவர் பிடித்துக் காட்டுவதாகவும், சொருகுவதை நான்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நீ வரும்வரை சொருக மாட்டேன். பூட்டு விழுகிற சத்தம் உனக்கும் கேட்கட்டும். உட்கார்ந்துவிட்டது என்று நான் சொல்வேன். அம்மா சொல்கிறாளே என்று விட்டுவிடாதே, ராஜா. நீயே குனிந்து, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்.

அம்மா